‘ஆன் மை வே’யா, ‘இன் மை வே’யா? ‘என்’, ‘உன்’ கலந்த ஆங்கிலத் தொடர்களைப் பிடிப்பது எப்படி

வேலைக்குப் போய்க்கொண்டே ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்களுக்கு நான் சில வருடங்களாகச் சாயங்காலத்தில் சொல்லித் தருகிறேன். அதில் ஒரு தம்பி, வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருப்பவர். ஒரு நாள் வாடிக்கையாளர் ஃபோனில் ‘எங்கே இருக்கிறீர்கள்’ என்று ஆங்கிலத்தில் கேட்க, இவர் ‘சார், ஐ ஆம் இன் யுவர் வே’ என்று பதில் சொல்லியிருக்கிறார். வந்துகொண்டே இருக்கிறேன், வழியில்தான் இருக்கிறேன் என்று சொல்ல வந்தார். ஆனால் அந்தப் பக்கம் இருந்தவர் காதில் ‘உங்கள் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறேன்’ என்று விழுந்திருக்கும். சொல்லியிருக்க வேண்டியது ‘ஐ ஆம் ஆன் மை வே’.

தம்பியின் கணக்கில் தப்பு இல்லை. ‘வழி’ என்றால் ‘வே’, ‘இல்’ என்றால் ‘இன்’, போகப்போவது உங்கள் வீட்டுக்கு என்பதால் ‘யுவர்’. ஒவ்வொரு துண்டும் சரியாகத்தான் இருக்கிறது, சேர்த்துப் பார்த்தால்தான் வேறு ஏதோ ஆகிவிடுகிறது. நம்மில் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். இலக்கணம் தெரியாததால் வருகிற தடுமாற்றம் இல்லை இது, துண்டு துண்டாக மொழிபெயர்ப்பதால் வருவது. நான் சொல்லப்போகும் வழி ஒன்றே ஒன்றுதான்: ‘ஆன் மை வே’, ‘இன் மை ஒபீனியன்’, ‘அட் யுவர் ஏஜ்’ மாதிரியான தொடர்களை மூன்று சொற்களாகப் பிரிக்காமல் ஒரே சொல்லாக மனதில் ஏற்றுங்கள், அதற்குள் ஒரே ஒரு பல் மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மை, யுவர், ஹிஸ், ஹர், அவர் (‘எங்கள்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்), தெயர், இட்ஸ் என்று அந்த ஒன்று மட்டும் மாறும். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் அசையக் கூடாது.

‘இல்’ செய்கிற வேலை

பள்ளியில் ஏழாம் வேற்றுமை என்று படித்தோமே, அந்த ‘இல்’ தமிழில் ஏகப்பட்ட வேலை பார்க்கிறது. பையில், விரலில், வயதில், வழியில், வாழ்க்கையில் என்று எல்லாவற்றுக்கும் ஒரே உருபு போதும். ஆங்கிலத்தில் அந்த ஐந்துக்கும் ஒரே சொல் வராது. பையில் என்றால் ‘இன் மை பேக்’. மோதிரம் விரலில் இருந்தால் ‘ஆன் மை ஃபிங்கர்’. ‘உன் வயசில் நான் இரண்டு வேலை பார்த்தேன்’ என்று அப்பா சொல்வாரே, அந்த ‘உன் வயசில்’ என்பது ‘அட் யுவர் ஏஜ்’. அதே வயதை ‘இருபதுகளில்’ என்று சொன்னால் ‘இன் மை ட்வென்டீஸ்’ ஆகிவிடும்.

வாழ்க்கை என்ற சொல் இன்னும் தந்திரமானது. ‘என் வாழ்க்கையில் முதல் தடவையாக’ என்பதற்கு ‘ஃபார் தி ஃபர்ஸ்ட் டைம் இன் மை லைஃப்’ சரி. ஆனால் ‘என் வாழ்க்கையில் மிகவும் சந்தோஷமான நாள்’ என்று சொல்ல வரும்போது ‘தி ஹேப்பியஸ்ட் டே ஆஃப் மை லைஃப்’ என்பதுதான் பழக்கத்தில் இருப்பது. தமிழில் இரண்டுமே ‘வாழ்க்கையில்’. இதற்கு விதி தேடி உட்கார்ந்தால் பொழுது போய்விடும், அதனால்தான் தொடராகப் பிடியுங்கள் என்கிறேன்.

‘கையில்’ என்பதையும் பாருங்கள். ‘என் கையில் இப்போது பணம் இல்லை’ என்று நாம் சொல்லும்போது உள்ளங்கையைப் பற்றிப் பேசவில்லை, பையிலோ சட்டைப் பாக்கெட்டிலோ இல்லை என்கிறோம். ஆங்கிலத்தில் ‘இன் மை ஹேண்ட்’ என்று போட்டால் நிஜமாகவே விரல்களுக்குள் பிடித்திருப்பது என்றாகிவிடும். அங்கே சொல்வது ‘ஐ டோன்ட் ஹேவ் எனி மனி ஆன் மீ’.

ஒரே சொல், நாலு பொருள்

‘வே’ இருக்கும் தொடர்களை ஒரே மூச்சில் பார்த்துவிடலாம், ஏனென்றால் தினசரிப் பேச்சில் இவை அடிக்கடி வரும். ‘ஆன் மை வே’ என்றால் கிளம்பிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறேன். இதில் கவனிக்க வேண்டியது, வழி யாருடையது என்றால் நடக்கிறவருடையது, சேருமிடத்துக்காரருடையது இல்லை. அதனால் உங்கள் வீட்டுக்கே வந்தாலும் ‘ஐ ஆம் ஆன் மை வே டு யுவர் ஹவுஸ்’. வீடு திரும்புகிறேன் என்றால் ‘ஆன் மை வே ஹோம்’, நடுவில் ‘டு’ போடக் கூடாது. ஆபீசுக்கு என்றால் ‘டு’ வேண்டும். ‘இன் மை வே’ என்றால் எனக்கு இடைஞ்சலாக, குறுக்கே. ‘ஷி வென்ட் அவுட் ஆஃப் ஹர் வே டு ஹெல்ப் மீ’ என்றால் அவர் தன் சிரமம் பார்க்காமல், மெனக்கெட்டு எனக்கு உதவினார் என்று பொருள். நன்றி சொல்லி எழுதும்போது இதைவிட மனசைத் தொடுகிற தொடர் குறைவு, கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். அப்புறம் ‘இன் மை ஓன் வே’ என்றால் என் பாணியில், எனக்குத் தெரிந்த விதத்தில்.

‘ப்ளேஸ்’ இன்னொரு பொறி. தமிழில் ‘உன் இடத்தில் நான் இருந்திருந்தால்’ என்றும் சொல்கிறோம், ‘இன்றைக்கு உன் இடத்தில் சந்திக்கலாம்’ என்றும் சொல்கிறோம். முதலாவது ‘இன் யுவர் ப்ளேஸ்’, அதாவது உன் நிலையில். இரண்டாவது ‘அட் யுவர் ப்ளேஸ்’, அதாவது உன் வீட்டில். ‘அட் மை ப்ளேஸ்’ என்பது நண்பர்களுக்குள் பேசுகிற சாதாரண ஆங்கிலம், வாடகை அறையாக இருந்தாலும் சொல்லலாம்.

‘மைண்ட்’ என்ற சொல்லோடு ‘ஆன்’ சேர்ந்தால் மனசை அரித்துக்கொண்டே இருக்கும் விஷயம். ஒருவர் முகம் வாடியிருந்தால் ‘இஸ் தெயர் சம்திங் ஆன் யுவர் மைண்ட்’ என்று கேட்பார்கள், ‘மனசுல என்னமோ ஓடிக்கிட்டிருக்கு போல, என்ன விஷயம்’ என்று நாம் கேட்பது போல. ‘இன் மை மைண்ட்’ என்றால் மனக்கண்ணில், கற்பனையில். ‘அவுட் ஆஃப் யுவர் மைண்ட்’ என்றால் ‘உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா’. முன்னால் இருக்கிற சின்னச் சொல் மாறினால் என்னவெல்லாம் நடக்கிறது பாருங்கள்.

‘என்னைப் பொறுத்தவரை’

இதற்குத் தனியாக ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். நேர்முகத் தேர்விலும் குழு விவாதத்திலும் நான் திரும்பத் திரும்பக் கேட்டது ‘அக்கார்டிங் டு மீ’. ‘என்னைப் பொறுத்தவரை’ என்பதை அப்படியே பெயர்த்தது அது. ‘அக்கார்டிங் டு’ என்பது வேறொருவர் சொன்னதை மேற்கோள் காட்டப் பயன்படுவது: மருத்துவர் சொன்னபடி, செய்தித்தாள் சொன்னபடி. சொந்தக் கருத்துக்கு ‘இன் மை ஒபீனியன்’, ‘இன் மை வியூ’. இல்லையென்றால் வெறுமனே ‘ஐ திங்க்’ போதும், பேச்சில் அதுதான் இயல்பாகவும் இருக்கும். ‘எனக்குத் தெரிந்தவரை’ என்பதற்கு ‘டு மை நாலெட்ஜ்’. ‘எனக்கே ஆச்சரியமாக’ என்பதற்கு ‘டு மை சர்ப்ரைஸ்’. இதே அச்சில் ‘டு மை ரிலீஃப்’, ‘டு ஹர் டிலைட்’ என்று உணர்ச்சிச் சொற்களை மாட்டிக்கொண்டே போகலாம். ‘என் சார்பில்’ என்பது ‘ஆன் மை பிஹாஃப்’. மேலாளர் சார்பில் என்றால் ‘ஆன் மை மேனேஜர்ஸ் பிஹாஃப்’ என்றோ ‘ஆன் பிஹாஃப் ஆஃப் மை மேனேஜர்’ என்றோ சொல்லலாம்.

‘என் பக்கத்திலிருந்து எதுவும் இல்லை’ என்று சொல்ல ‘ஃப்ரம் மை சைட்’ போடுகிறோமே, அது இந்திய அலுவலகங்களில் எல்லோருக்கும் புரியும், அதனால் அதைத் தப்பு என்று நான் அடித்துத் திருத்துவதில்லை. வெளிநாட்டவரோடு பேசினால் ‘இட்ஸ் ஃபைன் வித் மீ’ என்றோ, வேலை எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்ல ‘அட் மை எண்ட்’ என்றோ சொல்லுங்கள், தெளிவாக இருக்கும். ‘ஆன் மை சைட்’ என்றால் எனக்கு ஆதரவாக என்றும், ‘பை மை சைட்’ என்றால் என் பக்கத்திலேயே, கூடவே என்றும் பொருள் மாறும். ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்திலேயே இருந்தேன் என்றால் ‘பை ஹர் சைட்’.

தமிழில் விட்டுவிடுவோம், ஆங்கிலத்தில் விடக் கூடாது

‘பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நின்றான்’. இந்த வாக்கியத்தில் யாருடைய கை, யாருடைய பாக்கெட் என்று தமிழ் சொல்வதே இல்லை, சொன்னால்தான் விநோதமாக இருக்கும். ஆங்கிலத்துக்குப் போனால் இரண்டு தடவை சொல்ல வேண்டும்: ‘ஹி ஸ்டுட் வித் ஹிஸ் ஹேண்ட்ஸ் இன் ஹிஸ் பாக்கெட்ஸ்’. உடல் உறுப்பு, உடுத்தியிருப்பது, சொந்தக்காரர்கள் என்று வரும்போதெல்லாம் ஆங்கிலம் இந்த உடைமைச் சொல்லைக் கேட்கும். கையைக் கழுவு என்றால் ‘வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்’. கண்ணால் பார்த்தேன் என்றால் ‘வித் மை ஓன் ஐஸ்’, அதிலும் நாம் ‘கண்ணால்’ என்று ஒருமையில் சொல்வதை அவர்கள் பன்மையில் சொல்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள் என்பது ‘பிஹைண்ட் மை பேக்’, இதில் இரண்டு மொழியும் அழகாக ஒத்துப்போகின்றன.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ‘என் தலையில் அடித்தான்’ என்பதற்கு ‘ஹி ஹிட் மீ ஆன் தி ஹெட்’ என்பார்கள். ‘மீ’ என்று ஆள் யாரென்று முன்பே சொல்லியாயிற்று, அதனால் அப்புறம் ‘தி’ போதும். கையைப் பிடித்து அழைத்துப் போனாள் என்பதும் அப்படித்தான், ‘ஷி டுக் ஹிம் பை தி ஹேண்ட்’.

எங்க அம்மா, அவங்க, தன்

நாம் ‘எங்க அம்மா’, ‘எங்க வீட்டுக்காரர்’, ‘எங்க வீட்டுல’ என்று பன்மையில் பேசி வளர்ந்தவர்கள். அதில் இருக்கும் பணிவும் நெருக்கமும் எனக்குப் பிடிக்கும், ஆனால் ஆங்கிலத்தில் ‘அவர் மதர்’ என்று சொன்னால் கேட்கிறவர் உங்களோடு சேர்த்து உங்கள் அண்ணன் தம்பியையும் தேடுவார். ஒருவராகப் பேசும்போது ‘மை மதர்’, ‘மை ஹஸ்பண்ட்’, ‘அட் மை ஹவுஸ்’. கூடவே ‘நம்’, ‘எங்கள்’ என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் கிடையாது, இரண்டுக்கும் ஒரே ‘அவர்’தான். எதிரில் இருப்பவரை விலக்கிவிட்டுச் சொல்ல வேண்டுமானால் கூடுதலாக ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும்.

மரியாதைக்குச் சொல்லும் ‘அவங்க’ இன்னொரு இடறல். ‘டீச்சர் அவங்க பையை மறந்துட்டாங்க’ என்பதை மனசில் வைத்துக்கொண்டு ‘மை டீச்சர் ஃபர்காட் தெயர் பேக்’ என்கிறார்கள். டீச்சர் பெண் என்று தெரிந்திருந்தால் ‘ஹர் பேக்’. மரியாதை குறையுமோ என்று தயங்க வேண்டாம், ‘ஹர்’, ‘ஹிஸ்’ இரண்டிலும் ஒருமை என்பதால் வரும் அவமரியாதை எதுவும் இல்லை. ஆணா பெண்ணா என்று தெரியாதபோது ஒருவருக்கே ‘தெயர்’ போடலாம்: ‘யாரோ குடையை விட்டுப் போயிருக்கிறார்கள்’ என்பது ‘சம்படி லெஃப்ட் தெயர் அம்ப்ரெல்லா’.

தமிழுக்கு ‘தன்’ என்று ஒரு வரம் இருக்கிறது. ‘குமார் தன் வீட்டுக்குப் போனான்’ என்றால் குமாரின் சொந்த வீடு, ‘அவனுடைய வீட்டுக்குப் போனான்’ என்றால் வேறு யாருடைய வீடாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுமே ‘டு ஹிஸ் ஹவுஸ்’. குழப்பம் வருமென்று தோன்றினால் ‘ஓன்’ சேர்த்து ‘டு ஹிஸ் ஓன் ஹவுஸ்’ என்று சொல்லுங்கள்.

இந்த ‘ஓன்’ இருக்கும் தொடர்கள் இரண்டைக் கட்டாயம் பிரித்து வைக்க வேண்டும். ‘ஆன் மை ஓன்’ என்றால் தனியாக, யார் துணையும் இல்லாமல். ‘ஆஃப் மை ஓன்’ என்றால் எனக்கே எனக்கென்று. ‘ஐ லிவ் ஆன் மை ஓன்’ என்றால் தனியாக வசிக்கிறேன். ‘ஐ வாண்ட் எ ஹவுஸ் ஆஃப் மை ஓன்’ என்றால் எனக்கென்று சொந்தமாக ஒரு வீடு வேண்டும்.

‘தன்னாலே’ என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ‘ஆஃப் இட்ஸ் ஓன் அக்கார்ட்’ என்று ஒரு தொடர் உண்டு. கதவு தன்னாலே திறந்தது என்பது போன்ற இடத்தில் வரும். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியத்தில், லேவியராகமம் 25ஆம் அதிகாரம் 5ஆம் வசனத்தில், இந்த இடத்தில் ‘ஆஃப் இட் ஓன் அக்கார்ட்’ என்றுதான் அச்சாகியிருந்தது, ‘இட்ஸ்’ இல்லை. அந்தக் காலத்தில் ‘இட்ஸ்’ புதிதாக வந்துகொண்டிருந்த சொல், அது பின்னால் வந்த பதிப்புகளில்தான் அங்கே நுழைந்தது. ஆங்கிலக்காரர்களே தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்த சொல் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். எழுதும்போது அதை நாம் குழப்பிக்கொள்வதற்குக் காரணம் வேறு: ‘இட் இஸ்’, ‘இட் ஹேஸ்’ என்பவற்றின் சுருக்கத்தில் மட்டும்தான் அப்பாஸ்ட்ரஃபி என்கிற மேற்குறி வரும், ‘அதனுடைய’ என்ற பொருளில் வராது. யுவர்ஸ், ஹர்ஸ், அவர்ஸ், தெயர்ஸ் எதிலுமே வராது.

என் நண்பர் ஒருவர்

தமிழில் ‘என் நண்பர்’ வேறு, ‘என் நண்பர் ஒருவர்’ வேறு. பின்னது, கேட்பவருக்கு யாரென்று தெரியாத ஒருவரைப் பேச்சுக்குள் கொண்டுவரும் விதம். ஆங்கிலத்தில் அதற்கு ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’. ‘எ மை ஃப்ரெண்ட்’ என்று சேர்க்க முடியாது, ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மீ’யும் கிடையாது. மைன், யுவர்ஸ், ஹிஸ், ஹர்ஸ், அவர்ஸ், தெயர்ஸ் என்ற வரிசைக்கு இங்கேதான் வேலை. அப்பாவின் நண்பர் ஒருவர் என்றால் ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மை ஃபாதர்ஸ்’.

இதையே ‘ஒன் ஆஃப்’ வைத்தும் சொல்லலாம், ஆனால் அப்போது பின்னால் வருவது பன்மையாக இருக்க வேண்டும்: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’. நன்றாகப் படித்தவர்கள்கூட ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்று சொல்வதைத் தினமும் கேட்கலாம், ‘என் நண்பர்களில் ஒருவர்’ என்று ஒரு முறை தமிழில் நினைத்துப் பார்த்தால் அந்த ‘கள்’ தானாக நினைவுக்கு வந்துவிடும். இந்த ஓரிடத்தில் தமிழே கைகொடுக்கிறது.

‘தட் டாக் ஆஃப் யுவர்ஸ்’ என்று சொன்னால் அதில் ஓர் எரிச்சலோ செல்லமோ ஒட்டிக்கொண்டிருக்கும், ‘அந்த உங்க நாய் இருக்கே’ என்று நாம் இழுப்போமே, அதே தொனி. ‘தட் லாஃப் ஆஃப் ஹர்ஸ்’ என்றால் அவளுடைய அந்தச் சிரிப்பு, தனியாகத் தெரிகிற சிரிப்பு.

காதும் வாயும்

இந்தத் தொடர்களில் அழுத்தம் கடைசிப் பெயர்ச்சொல்லில்தான் விழும். ‘ஆன் மை வே’யில் ‘வே’ ஓங்கி ஒலிக்கும், ‘மை’ சும்மா தொட்டுக்கொண்டு போகும். வேகமாகப் பேசும்போது ‘ஹிஸ்’, ‘ஹர்’ இரண்டிலும் முதல் ஹ பல சமயம் காணாமல் போய்விடும். ‘ஆன் ஹிஸ் ஓன்’ என்பது ‘ஆனிஸ் ஓன்’ என்றும் ‘இன் ஹர் பேக்’ என்பது ‘இனர் பேக்’ என்றும் கேட்கும். படம் பார்க்கும்போது ஒன்றும் புரியவில்லை என்கிறவர்கள் பலருக்கு உண்மையில் சொல் தெரியாமல் இல்லை, இப்படி ஒட்டிப் போவது தெரியாமல்தான் இருக்கிறது. நீங்களும் ஒட்டியே சொல்லிப் பழகுங்கள், மூன்று சொல்லையும் ஒரே தட்டில்.

பழகுகிற விதம் நான் சொல்லித் தருவது இப்படி. ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். இடப்பக்கம் தமிழ் அர்த்தத்தை எழுத வேண்டாம், சூழ்நிலையை எழுதுங்கள்: ‘கிளம்பிவிட்டாயா என்று ஃபோனில் கேட்கிறார்கள்’, ‘பர்ஸை வீட்டில் விட்டுவிட்டேன்’, ‘எனக்காக நீ கையெழுத்துப் போடு’. வலப்பக்கம் முழு ஆங்கில வாக்கியம், தொடருக்கு அடியில் ஒரு கோடு. ஒரு நாளைக்கு இரண்டு போதும். எழுதியதை மை, யுவர், ஹிஸ், ஹர், அவர், தெயர் என்று மாற்றி ஆறு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஆள் மாறும்போது வாக்கியத்தின் முன்பகுதியும் மாற வேண்டும்: ‘ஐ ஆம் ஆன் மை வே’, ‘ஷி இஸ் ஆன் ஹர் வே’, ‘தே ஆர் ஆன் தெயர் வே’. ‘ஷி இஸ் ஆன் மை வே’ என்று வாய் தவறினால் அங்கேயே நிறுத்தி மறுபடி ஆரம்பியுங்கள். வண்டிக்குக் காத்திருக்கும் நேரம் இதற்குப் போதும்.

கடைசியாக, எங்கே ‘மை’ வரவே கூடாது என்பதையும் அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள், ஏனென்றால் இதையெல்லாம் பழகிய பிறகு சிலர் எல்லா இடத்திலும் ‘மை’யைத் திணிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மனப்பாடம் செய்தேன் என்றால் ‘பை ஹார்ட்’. விடுமுறையில் இருக்கிறேன் என்றால் ‘ஆன் லீவ்’. வீட்டில் இருக்கிறேன் என்றால் ‘அட் ஹோம்’. படுத்திருக்கிறேன் என்றால் ‘இன் பெட்’. நடந்தே வந்தேன் என்றால் ‘ஆன் ஃபுட்’. பேச்சோடு பேச்சாக இன்னொன்று சொல்கிறேன் என்பதற்கு ‘பை தி வே’; அந்த வழி யாருக்கும் சொந்தமில்லை, அதில் ‘தி’ மட்டும்தான்.